ஷோகேஸுக்கும் சோபாவுக்கும் நடுவே

ஆகஸ்ட் 2, சனி

நாற்காலி வந்து இறங்கிவிட்டது. நாற்காலி என்றா சொல்வது, ஹாலில் ஒரு எருமை படுத்திருப்பது போல இருக்கிறது. பூனாவிலிருந்து கௌசிக் தன் அப்பாவுக்கு ரிடையர்மெண்டுக்காக அனுப்பியது. பக்கத்தில் ஒரு பிடி இருக்கிறது, இழுத்தால் முதுகு பின்னால் போகும், கால் முன்னால் வரும். கொண்டுவந்த ஆட்கள் எங்கே போடுவது என்று கேட்டார்கள். இவர் ஒரு நொடி யோசிக்கவில்லை. டிவிக்கு நேர் எதிரே, ஷோகேஸுக்கும் சோபாவுக்கும் நடுவே கை காட்டினார்.

அது நான் பாய் விரிக்கிற இடம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து எழவே ஆள் தேவைப்பட்டது. பெல்ட் போட்டுப் பார்த்தேன், ஊசி போட்டுப் பார்த்தேன். கடைசியில் காலையில் டிவியில் வரும் யோகா நிகழ்ச்சியைப் பார்த்து நானாகப் பண்ணித்தான் எழுந்து நின்றேன். அன்றிலிருந்து விடிவதற்கு முன்னால் அந்த இடம் எனக்கு. ஒரு வாரம் விட்டால் இடுப்பு பழைய கதையை ஆரம்பித்துவிடும். இது இவருக்கும் தெரியும்.

"ஏனுங்க, அது நான் யோகா பண்ற இடமுங்க" என்றேன்.

"அதான் கல்யாண மண்டபத்துல க்ளாஸ் ஆரம்பிக்கறாங்கல்ல. பேரு குடுத்துட்டு வந்துட்டேன், போயிட்டு வா. எத்தன நாளைக்குத்தான் நீயா என்னமோ ஒண்ணப் பண்ணீட்டு இருப்ப?"

நாற்காலியை கௌசிக் அறையில் போடலாமே என்றேன். அந்த ஆட்கள் முன்னாலேயே, "அது பையன் ரூமு. அவன் வந்தா என்ன நெனப்பான்?" என்றார். அவன் வருவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்.

எனக்குக் கோபமில்லை. மில்லில் நின்றுகொண்டே காலத்தைக் கழித்த மனுஷன், உட்காரட்டும். எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வகுப்பு மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கிறது, அதனால் யோகா. மேஜைகளை ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். குப்புறப் படுத்தால் பழைய ரச வாசனை.

சொல்லித்தருகிற பெண் பெயர் அபிநயா. கௌசிக்கைவிடச் சின்னவள். காதில் மாட்டிய மைக் வேறு. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நிற்கிறவர்களுக்கு எதற்கு மைக்? நான் கடைசி வரிசையில் பாயை விரித்தேன். யாராவது புதுசா என்று கேட்டாள். எல்லாரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை.

"நான் பதினோரு வருஷமா வீட்டுல பண்றேன் கண்ணு" என்றேன்.

"சூப்பருங்கம்மா! அப்ப நீங்க முன்னாடி வாங்க. மத்தவங்க உங்களப் பாத்துப் பண்ணட்டும்."

என் வாய்தான் எனக்கு எதிரி. எல்லார் முன்னாலும் நின்றேன். காலை அகட்டி வைத்து, கைகளை இரண்டு பக்கமும் நீட்டி, இடது பக்கம் சாய்ந்து நிமிர்ந்து, பிறகு வலது பக்கம். எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அம்மா, வலது கைய நீட்டுங்க."

நீட்டித்தான் இருக்கிறது என்றேன்.

"இல்லீங்கம்மா, கை முட்டி மடங்குது பாருங்க." அதையும் மைக்கில் சொன்னாள். மண்டபத்துக்கு வெளியே கீரை விற்கிற அம்மாவுக்குக்கூடக் கேட்டிருக்கும். வந்து என் கையைப் பிடித்து இழுத்து நேராக்கினாள். விட்டதும் அது மடங்கிக்கொண்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். நாளையிலிருந்து இந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போகவில்லை. போர்வைகளை எல்லாம் எடுத்துத் துவைத்தேன், அழுக்கானது ஆகாதது எல்லாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

போனேன். வேறு எங்கே போவது? விடியும்போதே அவர் நாற்காலியில் காலை நீட்டிச் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பாதம் என் பாய் விரிக்கிற இடத்தின் நடு மத்தியில் ஆடிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்குக் கடைசி வரிசையிலேயே நின்றுகொண்டேன். பக்கத்துப் பாய் லோகநாயகி, எங்கள் தெருமுனை மாவுக்கடைக்காரி. கை கால் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாமல் பண்ணுகிறாள், முகம் முழுக்கச் சிரிப்பு. அவளை யாரும் திருத்தவில்லை. அபிநயா நேரே என்னிடம் வந்து முதுகில் கை வைத்தாள்.

"மூச்சு விடுங்கம்மா."

"விடாமயா உசுரோட இருக்கறேன்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை என் பக்கம் சிரித்தார்கள், நன்றாக இருந்தது.

அவளும் சிரித்துவிட்டு, "இல்லீங்கம்மா, நீங்க அடக்கிப் பிடிச்சுக்கிட்டே பண்றீங்க. டிவியில எப்ப இழுக்கணும், எப்ப விடணும்னு சொல்லிருப்பாங்களே?" என்றாள்.

சொல்லியிருப்பார்கள். எனக்குக் கேட்டால்தானே. அந்த நாளில் இவருக்கு அரை நைட் ஷிப்ட். நடுநிசிக்கு வந்து படுப்பவர் எழுந்துவிடக் கூடாது என்று டிவியின் சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டு, படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எந்த ஆசனத்துக்கு என்ன பெயர் என்றுகூட இந்த வாரம்தான் தெரிகிறது. இதையெல்லாம் ஒரு சின்னப் பெண்ணிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

"மறந்துபோச்சு கண்ணு" என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

பிராமரி என்று ஒன்று. கண்ணை மூடி, காதைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, மூச்சை விடும்போது வண்டு மாதிரி ரீங்காரம் பண்ண வேண்டும். ஹால் முழுக்க வண்டுகள். லோகநாயகி ஒரு குளவிக் கூட்டுக்குச் சமம். எனக்குச் சத்தமே வரவில்லை. உதடு மூடியிருக்கிறது, மூச்சு போகிறது, தொண்டை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. காதை அடைத்துக்கொண்டிருந்ததால் எனக்குள் எவ்வளவு அமைதி என்று எனக்கே கேட்டது.

"சத்தமா அக்கா, சத்தமா. இங்க யாரு தூங்கறாங்க?" என்றாள் லோகநாயகி.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு ஏனோ பற்றிக்கொண்டு வந்தது. "எனக்குத் தொண்ட சரியில்ல" என்று வெடுக்கென்று சொன்னேன். பாவம், முகம் சுண்டிப்போயிற்று.

வீட்டுக்கு வந்து சட்னி அரைத்தேன். ஹாலிலிருந்து குரல் வந்தது. "மிக்சிய அப்பறமா போடக் கூடாதா? நியூஸ் ஓடுது."

மிக்சியை நிறுத்தினேன். நிறுத்திவிட்டேன் என்பதுதான் இப்போது எழுதும்போது எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றைக்கு அந்தப் பெண் என்னை ஒரு வழி பண்ணிவிட்டாள். மறுபடியும் அந்தக் கை நீட்டுகிற ஆசனம், திரிகோணாசனம். நான் வலது பக்கம் சாயும்போது அங்கே வந்து நின்றுகொண்டு, மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, இந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"என்ன இருக்கு? ஒண்ணுமில்ல."

"ஒவ்வொரு தடவையும் என்னமோ இடிச்சிரும்ங்கற மாதிரியே இழுத்துக்கறீங்க. அதான் கேட்டேன்."

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஷோகேஸு."

லோகநாயகி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அபிநயா சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. பரிதாபப்படுவதற்கு இவள் யார்? மீதி வகுப்பு முழுக்க அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இவர் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் அந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு நின்று பார்த்தேன். இடது பக்கம் சோபா தாழ்வு, கை அதற்கு மேலே போய்விடும். வலது பக்கம் ஷோகேஸ். உள்ளே கௌசிக் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கப்புகள், கண்ணாடிக் கதவு. கை பட்டால் கிணுகிணு என்று ஆடும், உள்ளே தூங்குகிறவர் எழுந்துவிடுவார். அதற்காக ஆரம்பத்தில் மடக்கியிருப்பேன். ஷோகேஸின் மரச் சட்டத்தில் என் தோள் உயரத்தில் ஒரு கோடு கிடக்கிறது. என் கல் மோதிரம் உரசி விழுந்தது. அதை நான் எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன், பார்த்ததில்லை.

மத்தியானம் கௌசிக் போன் பண்ணினான். "சேர் எப்படிம்மா இருக்கு? அப்பாவுக்குப் பிடிச்சுதா?"

பிடித்துப்போயிற்று என்றேன். அவன் அறையைப் பெருக்கிக்கொண்டேதான் பேசினேன். வாராவாரம் பெருக்கித் துடைத்து, யாரும் படுக்காத மெத்தைக்கு விரிப்பு மாற்றுகிறேன். கட்டிலைச் சுற்றி எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அபிநயா செய்தி போட்டிருக்கிறாள். முகூர்த்த நாளும் அதற்கு முந்தின நாளும் வகுப்பு இல்லையாம். காலண்டரைப் பார்த்தேன். இந்த வாரம் முகூர்த்தம் இல்லாத நாளைத் தேட வேண்டியிருக்கிறது. ஆடியில் ஆரம்பித்தவளுக்கு ஆவணி வரும் என்று தெரியாதா? சொல்லிச் சேர்க்க வேண்டாமா?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சமையலறையில் முயற்சி பண்ணினேன். காலைத் தூக்கினால் சிலிண்டர். மொட்டை மாடிக்குப் போனேன். நன்றாகத்தான் இருந்தது, காற்று வந்தது. இரண்டு ஆசனம் முடிவதற்குள் இவர் மேலே வந்துவிட்டார்.

"நாலு பக்கமும் வீடு இருக்குது. காலத் தூக்கீட்டு இதென்ன? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

யார் பார்க்கிறார்கள்? எதிர் வீட்டு மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அது ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. சுற்றி இருக்கிற எல்லாரும் என்ன நினைப்பார்கள் என்று இவருக்கு அத்துப்படி. வீட்டுக்குள் இருக்கிற ஒருத்தி என்ன நினைப்பாள் என்று மட்டும் இன்றுவரை தோன்றியதில்லை.

கீழே வந்து தோசை ஊற்றினேன். முதல் தோசையை வேண்டுமென்றே கருக்கினேன். அதையும் ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டு டிவிக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இவருடைய பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம், அதே மண்டபத்தில். சாப்பாட்டு ஹாலில் மேஜைகள் வரிசையாக வந்துவிட்டன. எனக்கு எந்தத் தூண் பக்கத்தில் என் பாய் கிடக்கும் என்று தெரியுமே. கரெக்டாக அந்த இடத்தில் இவர் போய் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தார்.

அங்கேயும் இவர்தான்.

லட்டை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் சாப்படல, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இடுப்பு வலிக்கிறது என்றேன். "வீட்டுக்குப் போயி தைலம் போடு" என்று பாயசத்துக்குக் கை நீட்டினார். அவர் கை நன்றாக நீள்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

இதை எழுத வேண்டுமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதுகிறேன்.

விழிப்பு வந்தது, எழ முடியவில்லை. இடுப்பு பலகை மாதிரி இறுகிவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருந்த அதே வலி, அதே இடம். ஒருக்களிக்கவும் முடியவில்லை. "ஏனுங்க" என்று கூப்பிட்டேன். ஹாலில் யாரோ இரண்டு பேர் அரசியல் பேசி டிவியில் கத்திக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் கூப்பிட்டேன். அவர் காதில் விழவில்லை. விழாது. எனக்கே என் குரல் சரியாகக் கேட்கவில்லை. சத்தம் போடாமல் இருந்து இருந்து, வேண்டும் என்கிறபோது சத்தம் வரவில்லை.

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, அழுதுகொண்டே எழுந்தேன். வலிக்காக அழவில்லை. அவ்வளவு ஆத்திரம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"காப்பி ஆச்சா?"

அந்த ரிமோட்டை எடுத்து ஷோகேஸ் கண்ணாடியில் வீசியிருக்க வேண்டும். காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை. "சர்க்கர கம்மி" என்றார்.

இத்தனை நாள் அந்தப் பெண் அபிநயாமேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். கை மடங்குது என்றாள், மூச்சை அடக்கறீங்க என்றாள், என்னமோ இடிச்சிரும்ங்கற மாதிரி இழுத்துக்கறீங்க என்றாள். எல்லாம் உண்மை. அவள் என்னை மடக்கவில்லையே.

ஆகஸ்ட் 25, திங்கள்

வகுப்பு இருந்தது. தைலம் தேய்த்துக்கொண்டு, நொண்டிக்கொண்டு போனேன். அபிநயா பார்த்ததும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி நெஞ்சுக்குக் கொண்டுவருவது, மெதுவாக விடுவது, அவ்வளவுதான். "இழுங்க, விடுங்க" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னாள். மைக் இல்லாமல். நான் விட்டேன். இடுப்பு கொஞ்சம் இளகியது.

முடிகிறபோது எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னாள். ஆவணி முழுக்க, அப்புறம் ஐப்பசி, கார்த்திகை எல்லாம் மண்டபம் புக் ஆகிவிட்டதாம். புரட்டாசியில் பெயிண்ட் அடிக்கப் போகிறார்களாம். இனி மார்கழியில்தான் வகுப்பு.

"அதுவரைக்கும் வீட்டுலயே பண்ணுங்க. விட்டுறாதீங்க."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"வீட்டுல எங்க கண்ணு பண்றது?" என்றேன். சத்தமாகவே வந்தது. "எடம் இருந்தா நான் எதுக்கு இங்க வரப்போறேன்? ஒரு பாய் விரிக்கற எடம். அதுல ஒருத்தரு சேரப் போட்டு உக்காந்துட்டாரு. நீங்க பாட்டுக்கு மார்கழிங்கறீங்க. மார்கழி வரைக்கும் என்னோட இடுப்பு காத்துட்டு இருக்குமா?"

அபிநயாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. பாவம், அவளும் வாடகைக்கு இடம் தேடுகிறவள்தான். "ஆரம்பத்துலயே சொல்லிருக்கணும், தப்புத்தானுங்கம்மா" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

லோகநாயகி பாயைச் சுருட்டிக்கொண்டே, "ஏனக்கா, உங்க வீட்டுல மூணு ரூமுல்ல?" என்றாள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை வேகும்போதே கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, சேர கௌசிக் ரூமுக்கு மாத்திக்குங்க. எனக்கு என்னோட எடம் வேணும்."

"டிவி இங்க இருக்குது. சேரு அங்க இருந்தா எப்படி?"

"அப்ப நான் அவன் ரூம்ல பண்ணிக்கறேன். கட்டில ஓரமா நகத்தணும், ஒரு கை புடிங்க."

"அவன் திடீர்னு வந்து நின்னான்னா?"

"வந்தா படுக்கட்டும். கட்டில விக்கவா சொன்னேன்?"

"ஒரு மணி நேரக் கூத்துக்கு ஒரு ரூமா? க்ளாசுக்குப் போன்னா போவ வேண்டியதுதான?"

"க்ளாஸ் இல்லீங்க. மார்கழியிலதான்."

"அப்ப மார்கழியில பாத்துக்கலாம்." டிவியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கூத்தாம். இவர் அரை நைட் முடிந்து வரும்போது எழுந்து சோறு போட்டவள் யார்? இவர் தூக்கத்துக்காக வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்ததா? டிவி ஊமையாக ஓடிற்று, நானும் ஊமையாக ஓடினேன். இவருக்கு ரிடையர்மெண்டுக்கு நாற்காலி வந்தது. எனக்கு ரிடையர்மெண்ட் எப்போது, யார் என்ன அனுப்புவார்கள்? ஒரு பாய் அளவுக்குத்தானே கேட்டேன். கேட்டதுதான் தப்பு. கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற உரிமை அவருக்கு வந்துவிடுகிறது.

கொழுக்கட்டை நன்றாக வந்தது. பிள்ளையாருக்கு வைத்துவிட்டு முதலில் நான் தின்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

இன்றைக்குக் கேட்கவில்லை.

எழுந்து முகம் கழுவிவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு நேரே கௌசிக் அறைக்குப் போனேன். ஹாலில் நாற்காலி, நாற்காலியில் இவர், டிவியில் யாரோ. என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டேன். இந்த வீட்டில் குளியலறை தவிர வேறு எங்கும் நான் தாழ் போட்டதில்லை.

கட்டில் கனம். இடுப்பை வைத்துக்கொண்டு தூக்க முடியாது. கீழே உட்கார்ந்து, சுவருக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு காலாலும் உதைத்துத் தள்ளினேன். கிறீச்சென்று நகர்ந்தது. அந்தச் சத்தத்துக்குப் பழக்கத்தில் ஒரு நிமிஷம் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு மறுபடியும் உதைத்தேன். எதிர்ச் சுவரில் போய் முட்டிக்கொண்டது.

பாயை விரித்தேன். முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்தேன், இழுத்தேன், விட்டேன். இடுப்பு முனகியது, ஆனால் ஒத்துழைத்தது. பிறகு மெதுவாக எழுந்து காலை அகட்டி நின்று இரண்டு கைகளையும் நீட்டினேன். வலது கை வழக்கம் போல மடங்கியது. அந்தப் பக்கம் பார்த்தேன். ஜன்னல் எங்கேயோ இருந்தது. நீட்டினேன். கை முட்டி வலித்தது, நீட்டினேன். விரல் நுனி எதிலும் படவில்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றேன்.

கடைசியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, காதை அடைத்துக்கொண்டு மூச்சை இழுத்தேன். விடும்போது முதலில் காற்று மட்டும் போனது. இரண்டாவது தடவை கரகரவென்று ஏதோ வந்தது, தொண்டையில் துரு பிடித்தது போல. மூன்றாவது தடவை வந்துவிட்டது. வண்டு இல்லை, மில் மெஷின் ஓடுகிற மாதிரி. அறை முழுக்க என் சத்தம். லோகநாயகி கேட்டிருந்தால் எழுந்து வழிவிட்டிருப்பாள்.

கதவு தட்டுகிற சத்தம் காதை அடைத்திருந்தும் கேட்டது.

"தமயந்தி? உள்ள என்ன சத்தம்?"

"நான்தானுங்க."

"காப்பி?"

"இன்னும் முடியலீங்க."

கதவுக்கு அடியில் அவர் கால் நிழல் தெரிந்தது. பிறகு, "சத்தத்துல நியூஸ் ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது" என்றார்.

"டிவியக் கூட்டி வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் காதை அடைத்துக்கொண்டு மூச்சை இழுத்தேன்.